ஒன்பது செவ்வாயும் உன் சைக்கிளும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
11.10.2025

என் அன்பு மகன் டெரிக்கிற்கு,

ஆண்டவருடைய அருளாலும் கொச்சிக்கடை அந்தோனியாருடைய மன்றாட்டாலும் நான் இங்கே சுகமாக இருக்கிறேன், நீயும் ரொஷேலும் என் பேரக்குட்டியும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். பழகிய கை இப்படி எழுதிவிட்டது, ஆனால் அந்தச் சுகத்தில் பாதிதான் உண்மை, மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைக் கண்டால் எனக்குப் பொய்தான் வருகிறது மகன். நீ எப்படி அம்மா என்பாய், நான் ஓம் ஓம் நல்ல சுகம் என்பேன், அதற்குள் பிள்ளை அழும், நீ எழும்பிப் போய்விடுவாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ரொஷேல் ஜனவரியில் வேலைக்குத் திரும்புகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, அம்மா நீங்கள் வீட்டை விட்டிட்டு ஒரேயடியா இங்க வந்திடுங்கோ, அங்க தனியச் சும்மா தானே இருக்கிறீங்கள் என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாடகை அக்ரிமென்டும் டிசம்பரோடு முடிகிறது, தொடர்ந்து இருப்பதா விடுவதா என்று வீட்டுக்காரரும் நெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. உனக்குச் சொல்லுமுன் வேறு சில விஷயங்களை நீ அறிய வேண்டும், அறியாமல் நீ என்னைக் கூப்பிடுவதும் சரியில்லை, நான் வருவதும் சரியில்லை. பலீலா என்று எனக்கு ஒரு சிநேகிதி, அவளுடைய தங்கை மகன் அப்ஹாம் நீ இருக்கிற மெல்பர்னில்தான் படிக்கிறான், வியாழக்கிழமை திரும்பிப் போகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பையில் இதையும் வைக்கிறேன்.

முதலில் பெரிய பொய்யைச் சொல்லி முடிக்கிறேன். சின்னராசா என்று ஒருவர் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற சின்னராசா, மட்டக்குளியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த சின்னராசா, மனைவி இல்லாமல் மூன்று சின்னப் பெண்பிள்ளைகளை வளர்க்கிற சின்னராசா, உன் நீலச் சைக்கிளை நான் தானமாகக் கொடுத்தேன் என்று நீ நம்பியிருக்கிற சின்னராசா, அப்படி ஒரு மனிதரை நான் கண்டதே இல்லை. உன் சைக்கிள் இந்த வீட்டு முன்னறையில்தான் நிற்கிறது. நீ வீடியோவில் வரும்போது நான் போனைச் சாத்தி வைப்பதே அதனுடைய சீற்றில்தான். நீ என்னையும் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கும் அப்பாவின் படத்தையும் பார்ப்பாய், போனுக்குப் பின்னால் நிற்பதை எப்படிக் காண்பாய்.

இந்தப் பொய் வந்த வழியைக் கேள். உன் விசா இழுபட்டுக்கொண்டிருந்த வருடம் அந்தோனியார் கோயிலுக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனேன் அல்லவா, விசா கிடைத்தால் மகனுடைய சைக்கிளை நடந்து வேலைக்குப் போகிற ஓர் ஏழைக்குக் கொடுப்பேன் என்று நேர்த்தி வைத்தேன். பக்கத்தில் நிற்கிற பெண்கள் எல்லாரும் புருசன் குடியை விட வேண்டும், பிள்ளைக்கு நோய் மாற வேண்டும் என்று அழுகிறார்கள், நான் மட்டும் என் ஒரே பிள்ளையை என்னைவிட்டுத் தூர அனுப்பிவிடும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். எட்டாவது செவ்வாய் முடிந்த கையோடு விசா வந்துவிட்டது. ஒன்பதாவதுக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து உன் சேட்டுகளை மடிக்கும்போது அழுதேன். கேட்டதும் நான், அழுததும் நான், யாரோடு போய்க் கோபிக்கிறது. நீ போய் இரண்டு மாதத்தில் போனில் கேட்டாய், அம்மா நேர்த்திக்குச் சைக்கிளைக் குடுத்திட்டீங்களோ என்று. அந்த நேரம் நான் அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் கட்டிலையும் கொடுத்துவிட்டேன், உடுப்பையும் கொடுத்துவிட்டேன், இதையும் கொடுத்தால் வீட்டில் உன்னுடையது என்று ஒன்றும் மிஞ்சாது. குடுத்திட்டன் மகன் என்று வாயில் வந்துவிட்டது. ஆருக்கு என்றாய். சின்னராசா என்றேன். பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நீ அதோடு விடவில்லை, உனக்குச் சைக்கிள் என்றால் உயிர், ஒவ்வொரு முறையும் சின்னராசா அண்ணை ஓடுறாரோ, கியர் மாத்தப் பழகிட்டாரோ என்று கேட்டாய், நானும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொன்னேன். சொன்னதில் பாதி கற்பனை இல்லை. அதெல்லாம் நான் செய்தது.

பெற்றோல் இல்லாத காலம் உனக்குத் தெரியும், நீ போய் இரண்டு மூன்று மாதத்தில் வந்தது. பஸ் எப்போதாவது ஒன்று வரும், அதிலும் ஆட்கள் கதவில் தொங்குவார்கள். கோட்டையில் இருந்த என் ஓபிசுக்கு மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள் முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் முன்னறையில் உன் சைக்கிள் நிற்கிறது. நான் பதினாலு வயது வரைக்கும் முகத்துவாரத்தில் என் அண்ணனுடைய சைக்கிளில் ஓடித் திரிந்தவள், உனக்கு நான் சொன்னதில்லை. பெரிய பிள்ளையானதும் அம்மா நிறுத்திவிட்டா. நாற்பத்திரண்டு வருடம் கழித்து ஏறினால் கால் மறக்கவில்லை, சீற்தான் எட்டவில்லை. ஜம்பட்டா வீதியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் உருட்டிக்கொண்டு போய் சீற்றை இறக்கச் சொன்னேன். மகனுக்கா அன்ரி என்று கேட்டார், ஓம் என்றேன், அவருக்கும் பொய். உன் பழைய கறுப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஓபிஸ் பாவாடையைப் பையில் மடித்து வைத்து, விடிந்ததும் யாரும் பார்க்குமுன் புறப்படுவேன். பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி, பிறிஜெற் அன்ரிக்கு மகன் போன கவலையில மூளை தட்டிப்போட்டுது என்று லேன் முழுக்கச் சொன்னாள். கொச்சிக்கடைச் சந்திப் பொலிஸ்காரன் மட்டும் கையைக் காட்டி வண்டிகளை மறித்து, அம்மே பரிஸ்ஸமென் என்று சிரித்துக்கொண்டு அனுப்புவான். பத்திரம் என்று என்னிடம் அந்த நாட்களில் சொன்னது அவன் ஒருவன்தான். சின்னராசா மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தார் என்றேனே, பிறேக் கட்டை தேய்ந்து மாற்றினார் என்றேனே, ஒருநாள் மாலை வீடு திரும்ப மனமில்லாமல் காலிமுகத்திடல் வரைக்கும் ஓடிப்போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றேனே, நீ ஏனம்மா வீட்டில ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாய், எல்லாம் நான்தான்.

அடுத்த வருடம் ஓபிசில் நாங்கள் டைப் பண்ணி நிரப்புகிற பாரங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் போகத் தொடங்க, டைப் பண்ண ஆள் தேவையில்லை என்று எங்களில் ஐந்து பேருக்கு ஒரு கேக் வெட்டிக் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். இருபத்தேழு வருடம். உன்னிடம் ரிட்டையர் பண்ணிவிட்டேன், இனி ஆறுதலாக இருப்பேன் என்றேன். ஆறுதல் என்ன ஆறுதல், இரண்டாம் நாளே வீட்டுச் சுவர் என்னைத் தின்ன வந்தது. போவதற்கு ஓர் இடம் இல்லாவிட்டாலும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் இறங்கி, கடற்கரை ஓரமாக மரைன் டிரைவ் வழியே வெள்ளவத்தை வரைக்கும் போய்த் திரும்புவேன். ஒருநாள் அங்கே செயின் அறுந்துவிட்டது. உருட்டிக்கொண்டு போன இடம்தான் பத்மாவதியின் சைக்கிள் கடை, புருசன் விட்டுப்போன கடையை அவள் தனியாக நடத்துகிறாள். நான் அந்தச் சைக்கிளில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தேன் என்றதும் செயினை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அக்கா, எங்கட கடையில பொம்பிளையள் ஆசைப்பட்டுச் சைக்கிள் வாங்கிக்கொண்டு போய் பல்கனியில சாத்தி வைக்கினம், ஓடப் பயம், ஆம்பிளையளிட்டப் பழக வெட்கம், நீங்கள் பழக்கி விடுவீங்களோ என்று கேட்டாள். அப்படித்தான் மகன் உன் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் புது உத்தியோகம் கிடைத்தது. சனி ஞாயிறு உட்படக் கிழமையில் ஐந்து நாள், விடியற்காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும், கடற்கரை ஓரம். இதுவரைக்கும் முப்பத்தாறு பேரைப் பழக்கியிருக்கிறேன், ஒரு டொக்டர், இரண்டு ரீச்சர்மார், ஒரு கல்யாணப் பெண், மிச்சம் என்னைப் போல வீடு காலியானவர்கள். நான் சீற்றைப் பின்னால் பிடிக்கமாட்டேன். பிடித்தால் விடாதேங்கோ விடாதேங்கோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்துத்தான் விழுவார்கள். நான் முன்னால் போய் அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பேன், நடந்துகொண்டு நேற்று என்ன சமையல், மீன் யாரிடம் வாங்கினாய் என்று கேட்பேன். பதில் சொல்லச் சொல்லக் கால் தன்பாட்டில் மிதிக்கும், கறியில் புளி போடும் இடத்துக்கு வருமுன் ஓடிவிடுவார்கள்.

பலீலா அப்படி வந்தவள். கொம்பனித்தெருவில் அவர்களுடைய பழைய வீட்டை இடித்துவிட்டுப் பதினோராம் மாடியில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் டுபாயில். மேலேந்து பாத்தா ஊர் முழுக்கத் தெரியுது, பேச ஒரு ஆள் இல்ல, கீழ எறங்க ஒரு காரணம் வேணும் தாத்தா என்று முதல் நாளே சொன்னாள். அவர்களில் அக்காவைத் தாத்தா என்பார்கள், முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது அவள் அப்படிக் கூப்பிடாவிட்டால் என்னவோ போல இருக்கிறது. பதினேழு நாள் எடுத்தாள், என்னிடம் பழகியவர்களில் அவள்தான் மந்தம், அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இடையில் உன்னையும் நினைப்பேன். இங்கே பாங்கில் வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் கூட்டாளிமாருடன் நீர்கொழும்பு வரைக்கும் ஓடிப்போய் வேர்த்து வழிய வருவாய், நான் ஏசுவேன். அங்கே போய் முதலில் கிட்டங்கியில் பெட்டி அடுக்கினாய், பிறகு இன்சூரன்ஸ் கம்பனிக்கு மாறினாய், இப்போது போக ஒரு மணித்தியாலம் வர ஒரு மணித்தியாலம் காரில் இருக்கிறாய். முதுகு நோகிறது என்கிறாய். உனக்கு வயிறு வைத்திருக்கிறது மகன், வீடியோவில் நீ மறைத்தாலும் தெரிகிறது. நீ இங்கே விட்டுப்போனதில் நான் ஓடுகிறேன், நீ அங்கே ஒன்று வாங்கினால் என்ன. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே.

இனிச் சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. ஓகஸ்ட் மாதம் சின்னராசா விழுந்து கை முறிந்தது என்று சொன்னேன். விழுந்தது நான். கொள்ளுப்பிட்டியில் நிறுத்தியிருந்த வான் ஒன்றின் கதவை யாரோ பாராமல் திறந்தார்கள், இடது மணிக்கட்டு. பயப்படாதே, பொருந்திவிட்டது, இந்தக் கடிதத்தை மேசையில் அழுத்திப் பிடித்திருப்பதே அந்தக் கைதான். தெருவில் நின்றவர்கள் திரீவீலில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் நிரப்புகிற பாரத்தை வைத்துக்கொண்டு கிட்டிய சொந்தம் யார் என்று சிங்களத்தில் கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன், நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னேன். அது வெளிநாடு, இப்போது வந்து கையெழுத்து வைக்க யார் என்றாள். நான் யோசித்தேன் டெரிக். அப்பா போய்விட்டார், என் அண்ணனும் போய்விட்டார், மேல்வீட்டார் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பிறந்த ஊரில், அறுபது வருடம் பூசைக்கும் சந்தைக்கும் ஓபிசுக்கும் நடந்த ஊரில், ஒரு மணித்தியாலத்தில் வரக்கூடிய ஒரு பெயர் எனக்கு வரவில்லை. அந்த நர்ஸ் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை நோவைவிட அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. கடைசியில் பலீலாவுடைய நம்பரைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் வந்தாள், வீட்டுச் செருப்போடு. என்ன முறை என்று கேட்க, மகே அக்கா என்றாள், என் அக்கா என்று. நர்ஸ் அவளுடைய முக்காட்டைப் பார்த்தாள், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள். அன்று முழுக்க நான் அவளிடம் அழுதேன், நேர்த்தியை ஏமாற்றினேன், அந்தோனியார் அடித்துவிட்டார் என்று. அவள் கேட்டுவிட்டு, ஒங்கட கையத்தானே ஒடச்சார், சைக்கிள ஒடைக்கல்லயே, கீறல் கூட இல்ல, நீங்க ஓடணும்டுதான் அவருக்கும் விருப்பம் போல என்றாள். கட்டுப் போட்ட கையோடு சிரித்தேன். ஆனாலும் கடன் கடன்தான். போன செவ்வாய்க்கிழமை பத்மாவதியின் கடையில் ஒரு நல்ல பழைய சைக்கிளை வாங்கி, கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற பெண்ணின் புருசனுக்குக் கொடுத்துவிட்டேன். உண்மையாகவே துறைமுகத்துக்கு நடந்து போகிறவர். பெயர் கிஷாந்த். இவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கைக்குக் கட்டுப் போட்டிருந்த ஆறு கிழமையும் நீ போனில் கூப்பிடும்போது அதை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதைத்தேன். சின்னராசா விழுந்திட்டார் என்று நான் சொன்ன அன்று உனக்கு முகம் மாறிவிட்டது. ஐயோ பாவம், ஆர் அம்மா அவரைப் பார்க்கினம், சமைச்சுக் குடுக்க ஆள் இருக்கோ, இரவில தண்ணி எடுத்துக் குடுக்க ஆரும் இருக்கினமோ என்று அடுக்கிக் கேட்டாய். பிள்ளை அழுதது, நீ எழும்பவில்லை, ரொஷேலைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேட்டாய். இருக்கினம் மகன் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். இப்படி நீ என்னை ஒருநாளும் கேட்கவில்லை. உன்னில் பிழையில்லை. நான் உனக்குச் சொன்ன கதையில் அம்மா எப்போதும் நல்ல சுகம், சும்மா இருக்கிறா. விழுந்தது, நனைந்தது, மனமில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் வேறு ஒரு மனிதர். உன்னுடைய கவலையை எல்லாம் நானே அவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே என் பதில் இதுதான். நேற்று அக்ரிமென்டில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். ஒரேயடியாக வரமாட்டேன். ஜனவரியில் வந்து பெரிய வியாழனுக்கு முன் திரும்புவேன், அதற்குள் பிள்ளைக்கு நல்ல இடம் ஒன்று பாருங்கள், ரொஷேலிடம் நானே கதைக்கிறேன், அவள் கோபிக்கக் கூடாது. நான் இங்கே தனிமையில்லை என்று சொல்ல வரவில்லை. எட்டரை மணி வரைக்கும் கதை, சிரிப்பு, கூச்சல். வீட்டுக்கு வந்து கேற்றைப் பூட்டினால் அடுத்த நாள் காலை வரைக்கும் என் வாய்க்கு வேலையில்லை. அரைச் சுண்டு அரிசி போட்டால் மறுநாளுக்கும் மிஞ்சுகிறது. சில நாள் ரேடியோவில் நேரம் சொல்கிறவனுக்கு ஓம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். சில நாள் இப்போதே பிளேனில் ஏறிவிடலாம் போல இருக்கும். ஆனால் அங்கே நீங்கள் இருவரும் காலையில் போனால் இருட்டித்தான் வருவீர்கள், நான் தெரு தெரியாத ஊரில் கதவைப் பூட்டிக்கொண்டு சுகம் என்று சொல்லிக்கொண்டு இருப்பேன், அதையும் நீ நம்புவாய். இங்கே விடிந்தால் மரைன் டிரைவில் நாலு பெண்கள் எனக்காகக் காத்து நிற்பார்கள். நான் ஒருநாள் பிந்தினால் பலீலா என்னைத் தேடிப் போன் எடுப்பாள். அதை விட்டுவிட்டு வர எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

கோபம் வந்தால் கோபி, இரண்டு கிழமை கதைக்காமலும் இரு, ஆனால் அதற்குமேல் வேண்டாம். தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், பேரக்குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. தூளை ஈரக் கரண்டி போட்டு எடுக்க வேண்டாம் என்று ரொஷேலிடம் சொல். அப்ஹாமுக்கு ஒருநாள் சோறு கொடு, ஹலால் கடையில் இறைச்சி வாங்கு, பிள்ளை அங்கே தனிய. இதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடும்போது எப்படி அம்மா என்று தொடங்காதே, அதற்கு என் வாய் தானாகவே சுகம் என்றுவிடும். ஆர் அம்மா உங்களைப் பார்க்கினம் என்று கேள். சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது மகன், நீ கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிறிஜெற்